இன்னும் எத்தனை அடி தோண்டலாம்?

கேள்வி: எனக்கு 27 வயது. பி.எஸ்சி. கணிதம் படித்திருக்கிறேன். திருவண்ணாமலை மாவட்டத்தில் ஒரு கிராமம். அப்பா இறந்து பதினோரு வருடம் ஆகிறது. அம்மா வீட்டு வாசலில் காலை நேரத்தில் இட்லிக் கடை போடுகிறார். தங்கை நர்சிங் முடித்துவிட்டுச் சென்னையில் ஒரு தனியார் மருத்துவமனையில் வேலை பார்க்கிறாள். மாதாமாதம் எனக்கு 5,000 ரூபாய் அனுப்புகிறாள். நான் 2020 கடைசியிலிருந்து டி.என்.பி.எஸ்.சி.க்குப் படித்துக்கொண்டிருக்கிறேன். குரூப் 4 மூன்று முறை, குரூப் 2 மூன்று முறை எழுதிவிட்டேன். 2022 குரூப் 4-ல் இரண்டே கேள்வியில் வேலை போனது. அடுத்த இரண்டு முறையும் அதைவிடக் குறைவான மதிப்பெண். இப்போது பக்கத்து டவுனில் ஒரு ஹார்டுவேர் மொத்த வியாபாரக் கடையில் பில் போடவும் கணக்கு எழுதவும் கூப்பிடுகிறார்கள். சம்பளம் 15,000. அம்மா போகச் சொல்கிறார். பயிற்சி மையத்து சார், "இன்னும் ஒரே ஒரு முறை எழுது. தண்ணீர் வருவதற்கு ஓர் அடி முன்னால் கிணற்றை விட்டுவிட்டுப் போகாதே" என்கிறார். என் அறைச் சுவரில் அப்துல் கலாம், கிரிக்கெட் நடராஜன், மாரியப்பன், தியேட்டர் கேன்டீனில் வேலை பார்த்து ஐ.ஏ.எஸ். ஆன ஜெயகணேஷ் படங்களை ஒட்டி வைத்திருக்கிறேன். எல்லோரும் வறுமையிலிருந்து வந்தவர்கள், விடாமல் முயன்றவர்கள். நான் இப்போது கடை வேலைக்குப் போனால் பாதியில் விட்டவன் ஆகிவிடுவேனா?
(பெயர் வெளியிட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்)

பதில்: தம்பி, பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடை வேலைக்குப் போங்கள். படிப்பையும் விட வேண்டாம். இதை உங்கள் அம்மாவே சொல்லியிருப்பார், அதற்கு ஒரு வேலைவழிகாட்டி ஆலோசகர் தேவையில்லை. ஆனால் நீங்கள் என்னிடம் கேட்டது வேலையைப் பற்றி இல்லை. சுவரில் இருக்கிற அந்த நாலு பேர் முகத்தில் எப்படி விழிப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். அதற்குத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

கிணற்றிலிருந்தே ஆரம்பிக்கலாம். நீங்கள் திருவண்ணாமலைப் பக்கத்துக்காரர், உங்களுக்கே தெரியும். உங்கள் ஊரில் யாராவது வற்றிப்போன கிணற்றில் ஒரே இடத்தில் கடப்பாரையைப் போட்டுக்கொண்டே இருப்பதைப் பார்த்திருக்கிறீர்களா? கீழே பாறை கெட்டியாகிவிட்டால் ஆளை இறக்கி, பக்கவாட்டில் சைடு போர் போடுவார்கள். அதிலும் ஊற்று கிடைக்கவில்லை என்றால் வேறு மூலையில் பாயின்ட் பார்ப்பார்கள். அதற்குப் பெயர் தோல்வி இல்லை, விவசாயம். கிணறும் அதேதான், தண்ணீரும் அதேதான், தோண்டுகிற திசை மட்டும் மாறுகிறது.

இன்னொன்றும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். போர் வண்டிக்காரர் அடிக்கு இவ்வளவு என்று காசு வாங்குகிறவர். 600 அடியில் வெறும் புகை கிளம்பும்போது, "அண்ணே, இன்னும் போடலாமா?" என்று அவரிடம் கேட்டால் அவர் என்ன சொல்வார்? உங்கள் சாரை நான் கெட்டவர் என்று சொல்லவில்லை. நல்ல ஆசிரியராகவே இருக்கலாம். ஆனால் நீங்கள் அடுத்த பேட்ச்சில் உட்கார்ந்தால் அவருக்கு ஒரு ஃபீஸ் வருகிறது. அந்தக் கேள்வியை அவரிடம் கேட்கக் கூடாது, அவ்வளவுதான்.

இப்போது சுவருக்கு வருவோம்.

கலாமை எடுத்துக்கொள்ளுங்கள். ராமேஸ்வரத்துப் பையன், இரண்டாம் உலகப் போர் நேரத்தில் பேப்பர் போட்டார், குடியரசுத் தலைவர் ஆனார். போஸ்டரில் இவ்வளவுதான் இடம் இருக்கும். சென்னை எம்.ஐ.டி. பொறியியல் கல்லூரியில் இடம் கிடைத்தபோது சேர்வதற்குச் சுமார் ஆயிரம் ரூபாய் வேண்டியிருந்தது. அந்தக் குடும்பத்துக்கு அது பெரிய தொகை. அவருடைய அக்கா ஜொஹரா தன் தங்க வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்துக் கொடுத்தார். படிப்பு முடிந்து வடக்கே ஒரே பயணத்தில் இரண்டு நேர்முகத் தேர்வுக்குப் போனார். டெல்லியில் பாதுகாப்புத் துறையின் தொழில்நுட்பப் பிரிவுக்கு ஒன்று, டேராடூனில் விமானப்படைக்கு ஒன்று. ஆசை முழுக்க விமானி ஆவதில்தான். டேராடூனில் 25 பேரில் எட்டுப் பேரை எடுத்தார்கள், இவர் ஒன்பதாவது. அதாவது உங்கள் இரண்டு கேள்வி மாதிரி, மயிரிழை. அவர் என்ன செய்தார்? விமானி ஆகியே தீருவேன் என்று டேராடூனில் அறை எடுத்து ஐந்து வருடம் உட்காரவில்லை. டெல்லி வேலையில் 1958-ல் சேர்ந்தார். அடிப்படைச் சம்பளம் 250 ரூபாய். நாம் கொண்டாடுகிற கலாம், முதல் ஆசை நடக்காமல் இரண்டாவது வேலைக்குப் போன கலாம்தான். இதை உங்கள் சுவர்ப் படத்தின் அடியில் எழுதி ஒட்டுங்கள்.

ஜெயகணேஷ் கதையை நீங்களே உங்கள் கேள்வியில் சொல்லிவிட்டீர்கள். "தியேட்டர் கேன்டீனில் வேலை பார்த்து" என்று எழுதியிருக்கிறீர்கள். ஏழாவது முயற்சியில் 156-வது இடம் பிடித்தார் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் சென்னையில் படிக்கிற காலத்தில் சாப்பாட்டுக்கும் அறைக்கும் கேன்டீனில் பில் போட்டுச் சம்பாதித்தார் என்பதும் அதே கதையில்தான் இருக்கிறது. பில் போடுகிற வேலை! உங்களைக் கூப்பிடுவதும் அதற்குத்தானே. அவர் செய்தால் தியாகம், நீங்கள் செய்தால் தோல்வியா?

அப்புறம் ஒரு கசப்பான கணக்கு. 2023-ல் நடந்த சிவில் சர்வீசஸ் முதல்நிலைத் தேர்வை 5,92,141 பேர் எழுதினார்கள். கடைசியில் தேர்வானவர்கள் 1,016 பேர். ஒவ்வொரு வருடமும் தேர்வாகாத லட்சக்கணக்கானவர்களில் ஏழு முறை எழுதியவர்களும் இருக்கிறார்கள். ஏழைகள் இருக்கிறார்கள், விடியற்காலை நாலு மணிக்கு எழுந்தவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் படத்தை யாரும் அச்சடிப்பதில்லை. என் அறைக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் அவர்கள்தான். இருபது வருடமாகப் பார்க்கிறேன், விடாமுயற்சியில் அவர்கள் யாருக்கும் ஒரு துளி குறைந்தவர்களாக எனக்குத் தெரியவில்லை.

நடராஜனைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகப் பேச வேண்டும். உங்களுக்கு வேண்டிய விஷயம் அவரிடம்தான் இருக்கிறது.

சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டி. அப்பா தறித் தொழிலாளி, அம்மா சாலையோரத்தில் கடை போட்டவர். இருபது வயது வரைக்கும் டென்னிஸ் பந்துதான். ஊர்க்காரர் ஜெயப்பிரகாஷ் என்ற அண்ணன் கையைப் பிடித்துச் சென்னைக்கு அழைத்து வந்து லீக் கிரிக்கெட்டில் சேர்த்துவிட்டார். 2014-15 பருவத்தில் தமிழ்நாட்டுக்காக ரஞ்சி ஆட்டம். கனவு நிறைவேறிவிட்டது என்று நினைக்கிற நேரத்தில் இடி விழுந்தது. அவர் பந்து வீசும் முறையில் சந்தேகம் இருக்கிறது, எறிகிற மாதிரி இருக்கிறது என்று புகார்.

இந்த இடத்தை யோசித்துப் பாருங்கள். சிறு வயதிலிருந்து அந்தக் கை அப்படித்தான் சுற்றியிருக்கிறது. அந்தக் கை சுற்றியதால்தான் ரஞ்சி வரைக்கும் வந்தார். இப்போது அந்தக் கையே தப்பு என்கிறார்கள். "நான் விட மாட்டேன், இப்படியேதான் போடுவேன்" என்று ஆயிரம் பந்து கூடுதலாகப் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஒவ்வொரு பந்தும் அதே தப்பை இன்னும் கெட்டிப்படுத்தியிருக்கும். அவர் சுமார் ஒரு வருடம் ஆட்டத்தை இழந்து, பயிற்சியாளர்களோடு உட்கார்ந்து, வீசும் முறையையே பிரித்துப் போட்டு மறுபடி கட்டினார். 2016-ல் தமிழ்நாடு பிரீமியர் லீக்கில், மட்டையாளர் காலடியில் விழுகிற அவருடைய யார்க்கர் பந்து பேசப்பட்டது. 2017 ஐ.பி.எல். ஏலத்தில் 10 லட்சம் அடிப்படை விலையில் இருந்தவரைப் பஞ்சாப் அணி 3 கோடிக்கு எடுத்தது. 2020 கடைசியில் ஆஸ்திரேலியாவுக்கு வலைப்பயிற்சிப் பந்துவீச்சாளராகப் போனவர், டிசம்பர் 2-ம் தேதி கான்பெராவில் ஒருநாள் போட்டி, அடுத்து டி20, ஜனவரியில் பிரிஸ்பேனில் டெஸ்ட் என்று ஒரே சுற்றுப்பயணத்தில் மூன்றிலும் அறிமுகமானார். ஐ.பி.எல்.லில் அவர் போட்ட சட்டையின் முதுகில் 'ஜேபி நட்டு' என்று இருக்கும். ஜேபி என்பது அந்த ஜெயப்பிரகாஷ் அண்ணன்.

நீங்கள் எழுதிய ஒரு வரி என்னை உறுத்துகிறது. "அடுத்த இரண்டு முறையும் அதைவிடக் குறைவான மதிப்பெண்." 2022-ல் இருந்ததைவிட 2024-ல் இரண்டு வருடம் அதிகம் படித்திருக்கிறீர்கள், 2025-ல் மூன்று வருடம். மதிப்பெண் ஏற வேண்டும், இறங்குகிறது. இது நேரம் போதாத பிரச்சினை இல்லை, தம்பி. வீசும் முறையில் இருக்கிற பிரச்சினை. இன்னும் ஒரு வருடம் முழு நேரமும் உட்கார்ந்தால் அதே கை அதே மாதிரிதான் சுற்றும்.

ஆகவே இந்த வாரம் ஒரு வேலை செய்யுங்கள். குரூப் 4-ல் மொத்தம் 200 கேள்வி, 300 மதிப்பெண், ஒரு கேள்விக்கு ஒன்றரை. தமிழில் 100, பொது அறிவில் 75, திறனறிவில் 25. மூன்று வருடத்துக் கேள்வித்தாள்களையும் எடுத்து, நேரம் வைத்து இன்றைக்கு மறுபடியும் போட்டுப் பாருங்கள். பிறகு தப்பான ஒவ்வொரு கேள்விக்கும் பக்கத்தில் ஏன் தப்பானது என்று எழுதுங்கள். படிக்கவே இல்லை, படித்தேன் மறந்துவிட்டது, இரண்டு விடைக்கு நடுவில் தடுமாறினேன், கேள்வியை அவசரத்தில் சரியாகப் படிக்கவில்லை, இந்த நாலில் ஒன்றாகத்தான் இருக்கும். நீங்கள் கணிதம் படித்தவர், திறனறிவில் 25-க்கு 23, 24 வந்துவிடும். தமிழிலும் பொது அறிவிலும்தான் ஓட்டை இருக்க வேண்டும். எந்தப் பக்கம் என்று எனக்குத் தெரியாது, உங்களுக்கும் இப்போது தெரியாது என்றுதான் நினைக்கிறேன். இதில் கோபித்துக்கொள்ளாதீர்கள். போன வருடம் ஒரு பெண் ஒரு கட்டைப்பை நிறைய நோட்டுகளோடு என்னைப் பார்க்க வந்தார். பதினொரு நோட்டு. பச்சை மை, சிவப்பு மை, தலைப்புக்கு அடிக்கோடு, கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல அழகான கையெழுத்து. ஆனால் தான் செய்த தப்புகளுக்கென்று அந்தப் பதினொரு நோட்டில் ஒரு பக்கம்கூட இல்லை. "தப்பை எதுக்கு சார் எழுதணும், மனசு கஷ்டப்படும்" என்றார்.

தப்புகளைக் குறித்து வைக்கிற இந்தக் கணக்கைத்தான் தப்புக் கணக்கு என்கிறேன். மாரியப்பனுக்கு அது அவர் விளையாட்டிலேயே இருந்தது. அவருக்கு ஐந்து வயதில் பேருந்து ஏறி வலது கால் நசுங்கியது. அம்மா சரோஜா காய்கறி விற்றுக் குடும்பத்தைக் காப்பாற்றினார், மகன் சிகிச்சைக்காகக் கடன் வாங்கினார். 2016 ரியோ பாராலிம்பிக்கில் உயரம் தாண்டுதலில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம், டோக்கியோவில் வெள்ளி, 2024 பாரிஸில் வெண்கலம். உயரம் தாண்டுதலில் ஒரு சௌகரியம் உண்டு. குறுக்குக் கம்பி விழுந்தால் அடுத்த நொடியே தெரிந்துவிடும். உங்களுக்குக் கம்பி பல மாதம் கழித்து விழுகிறது. முடிவு வந்து, கட் ஆஃப் தெரிந்து, கலந்தாய்வு முடிந்த பிறகுதான் விழுந்தது என்றே தெரிகிறது. அதனால் ஞாயிறுதோறும் ஒரு முழு மாதிரித் தேர்வு என்று நீங்களே ஒரு கம்பியைக் கட்டிக்கொள்ள வேண்டும். மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தில் இருக்கிற தன்னார்வப் பயிலும் வட்டத்தில் பயிற்சி வகுப்பு இலவசம். அங்கே மாதிரித் தேர்வுகளும் வைக்கிறார்கள். கட்டணம் கட்டி உட்காருவதற்கு முன்னால் அங்கே ஒருமுறை எட்டிப் பாருங்கள்.

சரி, இன்னொரு கணக்கு. நீங்கள் ஐந்து வருடத்துக்கு மேல் முயன்றதாகச் சொல்கிறீர்கள். குரூப் 4 தேர்வு நடந்த நாட்களை எண்ணுங்கள். 2022 ஜூலை, 2024 ஜூன், 2025 ஜூலை. 2020-லும் 2021-லும் கொரோனா. 2023-ல் நடக்கவே இல்லை. குரூப் 2-ஐயும் சேர்த்தால் உங்கள் கையில் மொத்தம் ஆறு நாள்தான் இருந்திருக்கிறது. மீதி நாளெல்லாம் என்ன? படித்தீர்கள், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அதில் பெரிய பங்கு காத்திருத்தல். அறிவிப்புக்குக் காத்திருந்தீர்கள், முடிவுக்குக் காத்திருந்தீர்கள், தேர்வு தள்ளிப்போகுமா என்று டெலிகிராம் குழுவில் காத்திருந்தீர்கள். காத்திருப்பதற்கு முழு நேர ஆள் தேவையில்லை. கடையில் பில் போட்டுக்கொண்டேகூடக் காத்திருக்கலாம். 2022-ல் 22 லட்சம் பேர் விண்ணப்பித்தார்கள், முதலில் அறிவித்த இடம் 7,301. பிறகு அது பத்தாயிரத்தைத் தாண்டியது. 2025-ல் முதலில் அறிவித்தது 3,935. இந்த ஏற்ற இறக்கத்துக்கும் உங்கள் உழைப்புக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அதற்காக வீட்டில் சும்மா உட்கார்ந்து நகத்தைக் கடிக்கவும் வேண்டாம்.

உங்கள் சுவரில் இல்லாத ஒருவரையும் சொல்ல ஆசை. தைரோகேர் என்ற ரத்தப் பரிசோதனை நிறுவனத்தைத் தொடங்கிய வேலுமணி. கோவை மாவட்டத்து நிலமில்லாத விவசாயக் குடும்பம். அம்மா எருமை வாங்கிப் பால் விற்று, வாரம் ஐம்பது ரூபாய் வருமானத்தில் பிள்ளைகளை வளர்த்தார். பி.எஸ்சி. முடித்ததும் இவர் போனது ஒரு கேப்ஸ்யூல் தயாரிக்கிற சின்னக் கம்பெனிக்கு. மாதம் 150 ரூபாய். சில வருடத்தில் அந்தக் கம்பெனியும் மூடியாயிற்று. 1982-ல் மும்பை பாபா அணு ஆராய்ச்சி மையத்தில் ஆய்வக உதவியாளர் வேலை கிடைத்தது, சம்பளம் 880. இந்த இடத்திலிருந்து போஸ்டர்க்காரர்கள் ஒரே தாவலில் 2021-க்குப் போய்விடுவார்கள். அந்த வருடம் தன் கம்பெனியின் 66 சதவீதப் பங்கை 4,546 கோடி ரூபாய்க்கு விற்றார் என்று பெரிய எழுத்தில் போடுவார்கள். நடுவில் இருக்கிற சுமார் பதினான்கு வருடத்தை யாரும் போடுவதில்லை. அந்தப் பதினான்கு வருடமும் அவர் மாதச் சம்பளக்காரர். வேலை பார்த்துக்கொண்டே தைராய்டு உயிர்வேதியியலில் பிஎச்.டி. முடித்தார். மனைவி சுமதிக்கு ஸ்டேட் வங்கியில் வேலை. அதற்கப்புறம்தான் அரசு வேலையை விட்டு, பி.எஃப். பணத்தைப் போட்டு, 1996-ல் பைகுல்லாவில் ஒரு சின்ன இடத்தில் பரிசோதனைக் கூடம் தொடங்கினார். மனைவியும் பிறகு வங்கியை விட்டுவிட்டுக் கூடவே வந்தார். துணிச்சல்தான், மறுக்கவில்லை. ஆனால் கையில் ஒரு தொழிலும், பதினான்கு வருடம் ஒழுங்காகச் சாப்பிட்ட உடம்பும் இருந்த துணிச்சல் அது.

என்னிடம் வருகிறவர்களுக்கு நான் கொடுக்கிற வீட்டுப்பாடம் இதுதான். ஒருவர் ஏழ்மையிலிருந்து எழுந்த கதையைப் படித்தால், அந்த நாட்களில் அவர் வீட்டு அடுப்பு யார் காசில் எரிந்தது என்று தேடுங்கள். கட்டாயம் ஒருவர் இருப்பார். ரஜினிகாந்த் கண்டக்டர் வேலையிலிருந்து சென்னைக்கு நடிப்புப் படிக்க வந்தபோது பணம் கொடுத்துத் தாங்கியவர், கூட வேலை பார்த்த ஓட்டுநர் ராஜ்பகதூர். 2021-ல் தாதாசாகேப் பால்கே விருது வாங்கிய மேடையில் அந்த ஓட்டுநர் பெயரையும் சொல்லித்தான் ரஜினி விருதைச் சமர்ப்பித்தார்.

உங்கள் கதையில் அந்த ஆள் உங்கள் தங்கை. மாதம் 5,000, அறுபது மாதத்துக்கு மேல், மூன்று லட்சத்தைத் தாண்டிவிட்டது. தனியார் மருத்துவமனையில் நர்ஸ் சம்பளம் என்ன என்று எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். இரவுப் பணி முடிந்து காலையில் அவள் ஹாஸ்டலுக்குப் போகிற நேரத்தில்தான் நீங்கள் படிக்க உட்காருகிறீர்கள். ஜொஹராவின் வளையல் ஒருமுறை அடகுக்குப் போனது. உங்கள் தங்கை ஒவ்வொரு மாதமும் ஒரு வளையலை வைத்துக்கொண்டிருக்கிறாள். உங்களைக் குற்றவாளி ஆக்குவதற்காக இதைச் சொல்லவில்லை. அவள் கேட்காததைக்கூட நீங்கள் கணக்கில் வைக்க வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன். கடிதத்தில் அம்மா என்ன சொன்னார் என்று எழுதியிருக்கிறீர்கள், சார் என்ன சொன்னார் என்று எழுதியிருக்கிறீர்கள். தங்கை என்ன சொன்னாள் என்று ஒரு வார்த்தை இல்லை. கேட்டீர்களா?

கூச்சத்தைப் பற்றியும் பேசிவிடலாம், நீங்கள் எழுதாவிட்டாலும். ஊரில் ஐந்து வருடமாக "கலெக்டர் சார்" என்று கிண்டலாகவோ பாசமாகவோ கூப்பிட்டிருப்பார்கள். இப்போது ஹார்டுவேர் கடையில் ஆணியும் பைப்பும் எண்ணிப் பில் போட்டால் அதே ஆட்கள் வந்து நிற்பார்கள். நிற்கத்தான் செய்வார்கள். நான் மூன்று வருடம் வங்கித் தேர்வு எழுதிக்கொண்டிருந்த காலத்தில் பேருந்து நிலையத்துக்கு எதிரே ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை பார்த்தேன். என்கூடப் படித்தவர்கள் வேலையில் சேருவதற்கான சான்றிதழ்களை நகல் எடுக்க என்னிடமேதான் வருவார்கள். முதல் மாதம் தலையைக் குனிந்தே நகல் எடுத்தேன். மூன்றாவது மாதம் "ரெண்டு பக்கமும் எடுக்கணுமா?" என்று நிமிர்ந்து கேட்கப் பழகிவிட்டது. வங்கி வேலை எனக்குக் கடைசி வரை கிடைக்கவில்லை. அந்தக் கடையில் நின்று ஊர்ப் பிள்ளைகளுக்கு எந்தத் தேர்வுக்கு எந்தச் சான்றிதழ் என்று சொல்லிச் சொல்லித்தான் இந்தத் தொழிலுக்கு வந்து சேர்ந்தேன். அது தனிக் கதை.

இனி நடைமுறைக்கு வருகிறேன். கடை வேலையில் ஜி.எஸ்.டி. பில், டேலி என்கிற கணக்கு மென்பொருள் இரண்டையும் கற்றுக்கொள்ளுங்கள். சம்பளத்தைவிட அதுதான் லாபம், நாளைக்கு எந்த ஊரில் போய் நின்றாலும் கைகொடுக்கும். படிப்புக்குக் காலை ஐந்திலிருந்து ஏழு, இரவில் ஒரு மணி நேரம், ஞாயிறு மாதிரித் தேர்வும் தப்புக் கணக்கும். வாரத்துக்கு இருபது மணி நேரத்துக்கு மேல் வருகிறது. "இப்போது நாளைக்குப் பத்து மணி நேரம் படிக்கிறேனே" என்பீர்கள். ஒரு வாரம் கடிகாரத்தை வைத்துக் குறித்துப் பாருங்கள். செல்போனில் ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் பார்த்தீர்கள் என்று அதுவே காட்டும், அதையும் பக்கத்தில் எழுதுங்கள். என் அனுபவத்தில் அந்தப் பத்து பெரும்பாலும் நாலு, நாலரையில் வந்து நிற்கும்.

எல்லையையும் இப்போதே போடுங்கள், மனம் தெளிவாக இருக்கும்போது. அடுத்து வருகிற இரண்டு குரூப் 4 தேர்வுகள் என்று வைத்துக்கொள்ளலாம். உங்கள் வயதுக்கு இந்தக் கதவு உடனே மூடிவிடப் போவதில்லை, அதனால் பதற வேண்டாம். ஆறு மாதம் ஞாயிறு தேர்வு எழுதிய பிறகும் மதிப்பெண் உங்கள் 2022 அளவைத் தாண்டவில்லை என்றால், இரண்டாவது தேர்வுக்குக் காத்திருக்கவும் வேண்டாம். அப்போது எனக்கு எழுதுங்கள். கணிதப் பட்டதாரிக்கு வேறு எந்த மூலையில் பாயின்ட் பார்க்கலாம் என்று உட்கார்ந்து பேசலாம். சார் அப்போதும் ஓர் அடி என்பார். தப்புக் கணக்கு நோட்டை எடுத்து அவரிடம் காட்டுங்கள். நல்ல ஆசிரியராக இருந்தால் அதை வாங்கிப் படிப்பார்.

கடைக்காரரிடம் ஒப்புக்கொள்வதற்கு முன்னால் மூன்று விஷயம் கேளுங்கள். ஞாயிறு முழு விடுமுறையா, இல்லை சரக்கு வந்தால் வர வேண்டுமா? இரவு எத்தனை மணிக்குக் கடை சாத்துகிறார்கள், அந்த நேரத்துக்கு உங்கள் ஊருக்குப் பேருந்து இருக்கிறதா? தேர்வுக்கு முன்னால் பத்து நாள் சம்பளமில்லாமல் லீவு கொடுப்பார்களா? மொத்த வியாபாரிகள் வெள்ளையாகப் பேசினால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள், சொல்லாமல் திடீரென்று லீவு போட்டால்தான் கோபப்படுவார்கள். மூன்றாவதற்கு மட்டும் முடியாது என்றால் எட்டு நாள் கேட்டுப் பாருங்கள். அதையெல்லாம் பேசி முடித்த அன்றைக்கு ராத்திரி தங்கைக்கு போன் போடுங்கள், அவளுக்கு இரவுப் பணி இல்லாத நாளாகப் பார்த்து.